லாப்காடியோ ஹேர்ன்: ஜப்பானியப் பள்ளியில் ஓர் ஆங்கில ஆசிரியர்

புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரைச் சாலையில் அமைந்துள்ள மரக்காணத்து உப்பளங்களைக் கோடைக்காலத்தில் ஒருமுறை கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். கழிநீர் பாய்ந்து நிறைந்த பாத்திகள் சதுரஞ் சதுரமாகக் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடக்கும். வெயில் ஏற ஏற அவற்றின் நீர் சுண்டி வெண்மணல் போல் உப்புப் படியும். ஆண்களும் பெண்களும் விடியுமுன்னரே வந்து அதனை வாரி வரப்பின்மீது குவிப்பர். அவ்வூர்ப் பக்கத்துச் சிறுவர் சிறுமியர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பொருட்டு நம் மாணவர் சிலர் ஞாயிறுதோறும் அங்குச் செல்வதுண்டு. சென்ற கோடையில் நாமும் அவர்களுடன் சென்றிருந்தோம்.

அன்று பாடமாக அமைந்தது ஒரு ஜப்பானியக் கதை. கடலோரக் குன்றின்மேல் வாழ்ந்த ஹமகுச்சி என்னும் கிழவர் ஒரு மாலைப் பொழுதில் நிலம் மெல்ல நடுங்குவதை உணர்கின்றார். கீழே கடல் வெகுதூரம் உள்வாங்குகின்றது. ஊரார் அப்புதுமையைக் காணக் கரைக்கு ஓடுகின்றனர். வரப்போவது யாதென்று கிழவர் ஒருவர்க்கே தெரியும். கூவினால் எவர்க்கும் கேளாது. ஆண்டு முழுதும் உழைத்து விளைத்துக் களத்தில் அடுக்கியிருந்த தம் நெற்போர்களுக்கு அவர் தாமே தீ வைக்கின்றார். தீயைக் கண்ட ஊரார் அதனை அணைக்க மேட்டுக்கு ஓடி வருகின்றனர்; அவர்கள் விட்டுவந்த ஊரைக் கடல் வந்து கொண்டுபோகின்றது. இக்கதையை நாம் சொல்லி முடித்தபொழுது குழந்தைகள் வாளாவிருந்தனர். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் அக்கரையோரக் குப்பங்களுள் அலை புகுந்தபோது அவர்கள் பிறக்கவில்லை. ஆனால் அந்நாளைப் பற்றிக் கேளாத வீடு அங்கில்லை. சற்றுப் பொறுத்து ஒரு சிறுவன் எழுந்து, இக்கதையை எழுதியவர் ஜப்பானியரா என்று வினவினான். அல்லர், அந்நாட்டிற்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்ற ஓர் அயலார் என்றோம். அவ்வளவில் விடை கூறி அமைதல் நம் மனத்திற்கு நிறைவளிக்கவில்லை. அவ்வாசிரியரது சரித்திரத்தை நம் கல்லூரி அன்பர்கட்கு ஒருவாறு எடுத்துரைக்கவே ஈண்டு முயல்கின்றோம்.

லாப்காடியோ ஹேர்ன் 1850-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் கிரேக்க நாட்டைச் சார்ந்த லெவ்காடாத் தீவில் பிறந்தனர். தீவின் பெயரே அவர்க்குப் பெயராயிற்று. தந்தையார் சார்லஸ் ஹேர்ன் ஆங்கிலப் படையில் வைத்தியராயிருந்த அயர்லாந்துக்காரர். தாயார் ரோஸா அத்தீவுகளைச் சேர்ந்த கிரேக்க மாது. குழந்தையை டப்ளின் நகரில் கணவர் வீட்டாரிடம் கொணர்ந்த ரோஸா, அந்நாட்டுக் குளிரையும் மொழியையும் சுற்றத்தார் மனப்பான்மையையும் பொறாது 1854-இல் தம் நாட்டிற்குத் திரும்பினார். அப்பொழுது பிள்ளைக்கு வயது நான்கு. அதன்பின் அவர் தம் தாயைக் கண்டதே இல்லை. தந்தையார் அம்மணத்தை நீக்கிக்கொண்டு வேறொரு மாதை மணந்து, 1857-இல் நம் நாட்டுச் செகந்தராபாத் படையகத்திற்கு வந்துவிட்டார். புலியும் பாம்பும் யானையும் பற்றி இந்தியாவினின்று மகனுக்கு அச்செழுத்துப் போன்ற எழுத்தில் ஒரு கடிதம் வரைந்ததாகத் தெரிகின்றது. அவர் 1866-இல் ஊர் திரும்பும் வழியில் சூயஸ் அருகே கப்பலில் காய்ச்சலால் இறந்தனர்.

பிள்ளையை வளர்த்தவர் தந்தைக்குச் சிற்றன்னை முறையான பிரேனேன் என்னும் செல்வக் கிழவியார். பதினாறாம் வயதில், இங்கிலாந்தில் டர்ஹாம் அருகிலுள்ள அஷா கல்லூரியில் பயிலும்போது, விளையாட்டில் கயிற்று முடிச்சொன்று பட்டு ஹேர்னின் இடக்கண் பார்வை இழந்தது. வலக்கண்ணும் கிட்டப் பார்வையுடையது. ஓயாது உழைத்தமையால் அது பெரிதாகப் பிதுங்கித் தோன்றும். தம் முகம் பிறர்க்கு அருவருப்பளிக்கும் என்னும் எண்ணம் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. அவருடைய புகைப்படங்களில் பெரும்பாலும் இடப்புறம் மறைந்தே இருத்தலைக் காணலாம். விரைவில் கிழவியாரின் செல்வமும் பிறர் கைப்பட்டு அழிந்தது. பத்தொன்பது வயதில், கையில் காசின்றி, அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றப்பட்டார்.

அங்குக் கழிந்த இருபது ஆண்டுகளை நாம் விரைந்தே கடக்கின்றோம். ஸின்ஸினாட்டி நகரில் வாட்கின் என்னும் அச்சுக்கூடத்துக்காரர் அவர்க்கு உணவும், காகிதச் சீவல்மேல் படுக்க இடமும் தந்தனர். பின்னர்ப் பத்திரிகை நிருபராகிப் புகழ் பெற்றார். கறுப்பின இரத்தக் கலப்புடைய மாதொருத்தியை மணந்ததால், அந்நாளைய சட்டத்திற்கு மாறு செய்தாரென்று, 1875-இல் வேலையை இழந்தார். நியூ ஆர்லியன்ஸில் பத்தாண்டும் மேற்கிந்தியத் தீவாகிய மார்டினிக்கில் இரண்டாண்டும் எழுதிப் பிழைத்தார். 1890-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஒரு பத்திரிகைக்காகக் கட்டுரை எழுதும் நோக்கத்தோடு யொகோஹாமாவில் இறங்கினார். இறங்கிய சில நாளில் அப்பத்திரிகையாரோடு பிணங்கி உறவை அறுத்துக்கொண்டார். பிணங்குதல் அவர்க்கு இயல்பு. நெருங்கிய நண்பரையும் ஒரு சொல்லின் பொருட்டு ஒரே நாளில் துறந்துவிடுவார்; இது அவர்பால் இருந்த குறையென்றே நாம் கருதுகின்றோம். எனினும், அன்று பிணங்கியிராவிடின் அவர் ஆசிரியராயிரார்.

அக்காலத்தில் ஜப்பானிய அரசாங்கத்தார் மேனாட்டுக் கலைகளை விரைந்து கற்றுக்கொள்ள விரும்பி, அயல்நாட்டாரைப் பெருஞ்சம்பளத்திற்கு அமர்த்தி வந்தனர். டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர் பேஸில் ஹால் சேம்பர்லேனும், நியூ ஆர்லியன்ஸ் கண்காட்சியில் ஹேர்னுக்கு முன்பே அறிமுகமாகியிருந்த கல்வி அதிகாரி ஹட்டோரி இச்சிஸோவும் உதவி செய்ய, மேற்குக் கரையில் இஸுமோ நாட்டிலுள்ள மட்ஸுயே என்னும் சிற்றூரில் நடுத்தரப் பள்ளியிலும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலும் ஆங்கிலம் கற்பிக்கும் உத்தியோகம் கிடைத்தது. ஓராண்டு ஒப்பந்தம், மாதச் சம்பளம் 100 யென். அவ்வூரில் அது பெருந்தொகை. மலைகளைக் கடந்து ரிக்‌ஷா வண்டியிலே சென்று, ஆகஸ்டு மாத இறுதியில் அவர் ஊர் சேர்ந்தார். நாற்பது வயது, ஆசிரியத் தொழிலில் சிறிதும் பழக்கமில்லை, அந்நாட்டு மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. நம்மில் எவரையேனும் இந்நிலையில் ஒரு வகுப்பின்முன் நிறுத்தினால் யாது செய்வோம் என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

அவர்க்கு வாய்த்த நற்பேறு நிஷிதா சென்டாரோ என்னும் தலைமை உதவியாசிரியர். ஆங்கிலம் நன்கறிந்தவர், மாணாக்கரால் பெரிதும் மதிக்கப்பெற்றவர். எந்த வகுப்பு, எந்தப் புத்தகம், எந்த நேரம், யார்க்கு எவ்வாறு வணங்குதல் என்பவற்றையெல்லாம் அவரே காட்டிக்கொடுத்தார். மாகாண அதிபரிடம் அழைத்துச் சென்றார். வீடு பார்த்துத் தந்தார். காச நோயாளராகிய அவர் 1897-இல் இளமையிலேயே இறந்தனர். ஹேர்ன் தம் வாழ்நாளில் பிணங்காத நண்பர் மிகச் சிலருள் இவர் தலையாயவர்.

பள்ளியின் அன்றாட வாழ்வை ஹேர்ன் ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பு என்னும் தலைப்பில் விரித்தெழுதியுள்ளார். 1894-இல் வெளிவந்த அவரது முதல் ஜப்பானிய நூலில் அது ஒரு பகுதி. கருநீல வண்ணம் பூசிய இரண்டடுக்கு மரக்கட்டடம். அதில் முந்நூறு மாணாக்கர். ஆசிரியர் வகுப்பினுள் புகுந்தவுடன் அனைவரும் ஒருங்கே எழுந்து தலை வணங்குவர், அவரும் வணங்குவார், பின்னரே பாடம். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலோ, அரசாங்கச் செலவில் உண்டுறைந்து பயிலும் இளைஞர் படைவீரரைப்போல் ஒழுங்குபட நடந்தனர். அங்கெல்லாம் ஹேர்ன் வியந்து கண்டது ஒன்றுண்டு. ஆசிரியர் மாணாக்கரை அடிப்பதில்லை. உரக்கக் கடிவதும் அரிது. ஆசிரியர் தவறிழைப்பின் வகுப்பார் ஒன்றுகூடித் தம் குறையை உரிய இடத்தில் அறிவித்துக்கொள்வதும் உண்டு. இங்கிலாந்துப் பள்ளிகளின் பிரம்பை நன்கறிந்த அவர்க்கு இது புதுமையாகத் தோன்றியதில் வியப்பில்லை.

கட்டுரை எழுதுவித்தலே அவர்க்கு மிக விருப்பமான பாடம். நிலா, மலர், மலை போன்ற எளிய பொருள்களைக் கொடுப்பார். நாற்பது பிள்ளைகள் எழுதினும் நாற்பதிலும் ஏறக்குறைய ஒரே கருத்து, ஒரே உவமை வரக்கண்டு முதலில் மலைத்தார். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினரோ என்றும் ஐயுற்றார். நாளடைவில் உண்மை விளங்கிற்று. நிலவென்றால் இன்னது நினைக்கவேண்டும், பேரழகிய பியோனி மலரென்றால் இன்னது கூறவேண்டும் என்பது அப்பிள்ளைகட்குத் தலைமுறை தலைமுறையாக வந்த மரபு. புதிது கூறுதலே சிறப்பென்பது மேனாட்டார் கொள்கை. முன்னோர் கண்டதைப் பிழையின்றிக் கூறுதலே சிறப்பென்பது அவர்களது கொள்கை. நம் நாட்டுப் பிள்ளைகளும் பசுவைப் பற்றி எழுதச் சொன்னால் நாற்பதின்மரும் ஒன்றையே எழுதுகின்றனர். அதனைச் சோம்பல் என்று தள்ளிவிடுமுன் ஹேர்ன் செய்ததுபோல் சற்று நின்று ஆராய்ந்தால் நலம் என்று நமக்குத் தோன்றுகின்றது.

மற்றொன்றும் அவர் கண்டார். அப்பிள்ளைகளிற் பலர் வறியவர். வெறுஞ்சோறும் சிறிது காய்கறியும் உண்டு, கணப்பில்லாத குளிரில் மெல்லிய ஆடையோடு நடுங்கிக்கொண்டு, வேற்று மொழியில் வேற்று நாட்டார் விஞ்ஞானத்தைக் கற்றனர். அவ்வுழைப்புக்கு அவ்வுணவு போதாதென்று அவர் கவன்றார். தாமும் அவ்வுணவையே உண்டு வாழ எண்ணி, சில மாதத்தில் உடல் தளர்ந்து, மீண்டும் மாட்டிறைச்சிக்கும் கோழிக்கும் திரும்பினார். அதனைச் சேம்பர்லேனுக்கு ஒரு குற்றவாளிபோல் எழுதி ஒப்புக்கொண்டுள்ளார்.

மாலை வேளைகளில் மாணாக்கர் அவர் இல்லத்திற்கு வருவர். வாயிலில் காலணி கழற்றி, வணங்கி, முழந்தாள் மடித்து அமர்ந்து, தேநீரும் பண்ணியமும் பெறுவர். சிலர் தம் குடும்பத்துப் பழம்பொருள்களைத் துணியில் பொதிந்து கொணர்ந்து காட்டுவர். சிலர் ஒன்றும் பேசாது சிறிது நேரம் இருந்து செல்வர். மேனாட்டார் வழக்கங்களைப் பற்றிக் கடினமான வினாக்களை மிகப் பணிவாக வினவுவாரும் உண்டு. அவர் அறிவுரை கூறினாரில்லை, பெரிதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

யோகோகி என்னும் மாணவன் சரிதையை நாம் விடுதற்கில்லை. அவன் ஒரு தச்சன் மகன். வறுமையால் மேற்படிப்பு இல்லையென்றிருந்தவனைச் செல்வர் ஒருவர் தம் செலவில் படிக்கவைத்தார். பள்ளிக்கே அவன் முதல்வன். அளவுக்கு மிஞ்சிப் படித்து நோயுற்றுக் கிடந்தான். இறக்குந் தறுவாயில், இரவு வேளையில், தன் பள்ளியை ஒருமுறை காணவேண்டுமென்று விரும்பினான். வெளியில் கடுங்குளிர். வீட்டு வேலையாள் அவனைப் போர்த்து முதுகில் சுமந்து தெருக்கள் கடந்து கொண்டுபோனான். இருளில் பள்ளிக் கட்டடத்தையும் தன் வகுப்பறைப் பலகணியையும் கண்டு, மகிழ்ந்து, வீடு திரும்பிச் சில மணி நேரத்தில் அவன் உயிர் நீத்தான். ஹேர்ன் அவன் இறுதிச் சடங்கிற்குச் சென்றிருந்து, அதனை ஒரு மிகைச் சொல்லுமின்றி எழுதிவைத்துள்ளார்.

அவ்வாண்டுக் குளிர்காலம் அவரையும் படுக்கையில் வீழ்த்திற்று. 1891 தொடக்கத்தில் இல்லத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர் கொய்ஸுமி ஸெட்ஸு என்னும் பெண்மணி. போர்வீரர் குடியிற் பிறந்தவர். பழைய ஆட்சி மாறியபின் அக்குடியினர் வறுமையுற, தறி நெய்து குடும்பம் காத்தவர். அவரே ஹேர்னுக்கு வாழ்க்கைத் துணைவியாயினார். அவர்க்கு ஆங்கிலம் தெரியாது. இவர்க்கு ஜப்பானியம் செவ்வையாக வாராது. வினையுருபுகளை உதிர்த்துவிட்டுச் சொற்களை முன்பின்னாக அடுக்கிய ஒரு புதுப் பேச்சு அவ்வில்லத்தில் உண்டாயிற்று; அதனை வீட்டார் ஹேர்ன் மொழி என்றே வழங்கினர். ஸெட்ஸு பழைய பேய்க்கதைகளைப் படித்துவந்து இரவில் விளக்கைத் தாழ்த்திச் சொல்வார். புத்தகத்தைப் பார்த்துப் படித்தல் கூடாது. தம் சொந்த வாக்கால் சொல்லவேண்டும் என்பது கணவர் கட்டளை. உலகம் படிக்கும் அவர் கதைகளில் சரிபாதி அவ்வம்மையாருடையதென்று கூறுதல் மிகையன்று. நூல்களின் முகப்பில் அவர் பெயர் இல்லாமை நமக்குச் சிறிது வருத்தமே.

1891 நவம்பரில், குளிர் தாங்காமையாலும் செலவு பெருகினமையாலும், தெற்கேயுள்ள குமமோட்டோவில் ஐந்தாம் உயர்தரப் பள்ளிக்குச் சென்றார். சம்பளம் 200 யென். தலைவராயிருந்தவர் ஜூடோ மற்போரை வகுத்த கானோ ஜிகோரோ. படைப்பாளையம் நிறைந்த அவ்வூரை ஹேர்ன் விரும்பவில்லை. மாணாக்கரும் வயதில் மூத்தவர், கடுமையானவர். இல்லத்திற்கு வந்து தேநீர் பருகுவாரல்லர். ஆசிரியர் அறையில் அவருக்குப் பேச்சுத்துணை இல்லை. ஓய்வு நேரத்தில் பள்ளிக்குப் பின்னுள்ள குன்றின்மேலிருந்த பழைய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கற்புத்தரின் அருகில் போய் அமர்வார். ஆயினும் ஒருநாள், மனிதர் நெடுங்காலம் நினைவில் வைத்திருப்பது யாது என்று கட்டுரைக்குப் பொருள் கொடுத்தார். அக்கடுமையான இளைஞருள் ஒருவர், தம் நான்காம் வயதில் தாயை இழந்ததையும், அதன்பின் தம்மை அவ்வாறு நேசித்தார் எவருமில்லை என்பதையும் பிழை மலிந்த ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். நான்காம் வயதில் தாயைப் பிரிந்த ஆசிரியர் அத்தாளைத் திருத்தினார். அங்ஙனம் திருத்துங்கால் அவர் எண்ணியது யாதென்று அவர் எழுதவில்லை. ஆனால் அக்கட்டுரையைத் தம் நூலில் சேர்த்துக்கொண்டார்.

1893 நவம்பரில் தலைமகன் கஸுவோ பிறந்தான். பின்னர் இரு புதல்வரும் ஒரு புதல்வியும் பிறந்தனர். ஸெட்ஸுவின் முதியோர் உட்பட ஏறக்குறைய பத்துப்பேர் இவர் சம்பளத்தை நம்பி உண்டனர். அந்நாட்டுச் சட்டப்படி ஒரு ஜப்பானிய மாது அயலாரை முறைப்படி மணந்தால் தன் நாட்டுரிமையை இழப்பாள். முறைப்படி மணவாவிடின், கணவர் இறப்பின் மனைவி மக்கட்குச் சொத்துரிமை ஐயமே. தாய் கைவிடப்பட்ட வகையை மறவாத ஹேர்ன் மூன்றாவது வழியொன்று கண்டார். தாமே கொய்ஸுமி குடும்பத்தின் சுவீகாரராகி, 1896-இல் ஜப்பானியக் குடியாயினார். கொய்ஸுமி யாகுமோ என்பது அவர் பெயராயிற்று. யாகுமோ என்பது இஸுமோ நாட்டுக்குரிய பழைய கவிதை அடைமொழி, எட்டு மேகம் என்னும் பொருளது. அயல்நாட்டார்க்குரிய பெருஞ்சம்பளத்தை இதனால் இழக்க நேரினும் நேரும் என்பதை அறிந்தே அவ்வாறு செய்தார். கோபே நகரில் சிறிது காலம் பத்திரிகையில் உழைத்து, உள்ள ஒரு கண்ணையும் கெடுத்துக்கொண்டு அவர் வாடிய நாட்கள் அவை.

அவ்வாண்டே டோக்கியோ சர்வகலாசாலைக் கலைத் தலைவர் டோயாமா மசகஸு அவரை ஆங்கில இலக்கிய ஆசிரியராக, அயலார்க்குரிய சம்பளத்திலேயே, அழைத்துக்கொண்டார். வாரம் 12 மணி நேரம் விரிவுரை. கையில் விரிவான குறிப்பு வைத்துக்கொள்ளாது, மாணாக்கர் சொல் விடாது எழுதிக்கொள்ளுமாறு நிதானமாகப் பேசுவார். இடைவேளையில் ஆசிரியர் அறைக்குச் செல்லாது, தோட்டத்துக் குளக்கரையில் தனியே உலாவிப் புகை பிடிப்பார். அவர் இறந்து பல்லாண்டு கழிந்தபின் மாணாக்கர் எழுதி வைத்திருந்த அக்குறிப்புகளே, கொலம்பியா சர்வகலாசாலைப் பேராசிரியர் ஜான் எர்ஸ்கினால் தொகுக்கப்பெற்று, 1915 முதல் நூல்களாக வெளிவந்தன. ஆசிரியர் எழுதாத நூல் மாணாக்கர் கையேடுகளினின்று பிறந்தது.

இல்லத்தில் அவர் வாழ்க்கை மிக எளியது. கிட்டப் பார்வைக்காக மிக உயரமாகச் செய்வித்த மேசைமுன், தாள் முகத்தில் படுமாறு குனிந்து எழுதுவார். வரிசையாக நீண்ட புகைக்குழல்கள் வைத்திருப்பார். நெருப்பு வேண்டின் மேசைமேல் உள்ள பெரிய சங்கை எடுத்து ஊதுவார். வீடதிர அவ்வொலி கேட்டு ஏவலர் ஓடிவருவர். கஸுவோவுக்கு நாள்தோறும் ஆங்கிலம் தாமே கற்பித்தார். ஊரார் பிள்ளைகளிடம் இருந்த பொறுமை தம் பிள்ளையிடம் அவர்க்கு இல்லை என்பது மகனார் பிற்காலத்து எழுதிய நூலால் விளங்குகின்றது. ஆசிரியராயுள்ள அன்பர் பலர் இதனைப் படித்துத் தமக்குள் நகைப்பர் என்று நம்புகின்றோம்.

1903-இன் தொடக்கத்தில், அவருடைய ஒப்பந்தம் மார்ச்சு மாதத்தோடு முடிவுறும் என்று ஒரு கடிதம் வந்தது. அயலார்க்குப் பதில் மேனாடு சென்று பயின்ற நாட்டினரை அமர்த்துதல் அப்போது அரசாங்கத்தின் கொள்கை. அது தவறென்று கூற இயலாது. அயலார் வந்ததே தாம் இனி வேண்டாத நிலையை உண்டாக்குதற்கன்றோ? ஆனால் இவர் அந்நாட்டிற்காகத் தம் பெயரையும் குடியுரிமையையும் மாற்றிக்கொண்டவர். அயலாரென்று நீக்கவும் உள்நாட்டாரென்று சம்பளம் குறைக்கவும் ஒருவரே இலக்கானமை அவர் மனத்தைப் புண்படுத்தியது. மாணாக்கர் கூடி மன்றாடினர். மேலதிகாரிகள் குறைந்த நேரமும் குறைந்த சம்பளமும் தருவதாகக் கூற, அவர் மறுத்துவிட்டார். அவரது இடத்திற்கு வந்தவர்களுள் ஒருவர் நட்ஸுமே ஸோஸெகி. பிற்காலத்தில் ஜப்பானிய நாவலாசிரியருள் முதல்வராக விளங்கிய அவரை, யாகுமோவின் மாணாக்கர் தொடக்கத்தில் முகங் கொடுத்து ஏற்கவில்லை. முன்னர்க் குமமோட்டோப் பள்ளியிலும் ஹேர்ன் சென்றபின் ஆங்கிலம் கற்பித்தவர் அவரே என்பது வியப்பான ஒற்றுமை.

1904-இல் வஸேடாக் கல்லூரி அவரை அன்புடன் அழைத்துக்கொண்டது. அவ்வாண்டே அவரது பேய்க்கதைத் தொகுதியாகிய குவைதான் வெளிவந்தது. செப்டம்பர் 26-ஆம் நாள் மாலை மார்பு வலி கண்டு, 54-ஆம் வயதில், இல்லத்திலேயே உயிர் நீத்தார். டோக்கியோ நகரில் ஸோஷிகயா இடுகாட்டில் அவர் கல்லறை உள்ளது. மட்ஸுயேயில் அவர் வாழ்ந்த இல்லத்தை அந்நாட்டார் இன்றும் காத்து வருகின்றனர். அதன் அருகே அவர் பெயரால் ஒரு காட்சிசாலை 1933-இல் நிறுவப்பெற்றது.

நம்மனையார் மறைத்தற்குரியதன்று ஒன்றுண்டு: கிறிஸ்தவ ஊழியரைப் பற்றி ஹேர்ன் கடுஞ்சொற்கள் எழுதியுள்ளார். அவற்றிற் சில உண்மை. பல, இளமையிற் பட்ட வடுவால் எழுந்த வெறுப்பு. பழைய ஜப்பானில் குறையே இல்லாதவாறு அவர் தீட்டிய ஓவியமும் முழு உண்மையன்று. தாமும் பிற்காலத்து அதனை உணர்ந்தார். இவ்வகையில் நம் மாகாணத்தோடு தொடர்புடைய மற்றோர் அயர்லாந்துக்காரர் நினைவுக்கு வருகின்றார். மதனப்பள்ளியில் ஆசிரியராயிருந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ், 1919-இல் டோக்கியோவின் கேயோ சர்வகலாசாலைக்கு ஆங்கிலம் கற்பிக்கச் சென்று, மறு ஆண்டு இங்குத் திரும்பினார். அவர் ஜப்பானைப் பற்றி எழுதியதையும் ஹேர்ன் எழுதியதையும் ஒப்புநோக்கிப் படிக்க விரும்பும் மாணாக்கர்க்கு அது நல்ல பயிற்சி.

இனி, ஹமகுச்சிக்கு வருவோம். 1896-இல் ஜப்பானின் வடகீழ்க் கரையை ஒரு பேரலை அழித்தது. அதனை ஒட்டி, மறு ஆண்டு வெளிவந்த நூலொன்றில் ஹேர்ன் இக்கதையை எழுதினார். சுனாமி என்னும் சொல் ஆங்கில நூல்களில் பழகுதற்கு அவரும் ஒரு காரணர். உண்மையில் ஹமகுச்சி கோரியோ கிழவரல்லர். 1854 டிசம்பர் 24-இல் ஹிரோ என்னும் ஊரை அலை தாக்கியபோது அவர்க்கு வயது முப்பத்துநான்கு. குன்றின்மேல் வாழ்ந்தவருமல்லர், இருளில் வழி தெரியாது தவித்தவர்கட்கு மேடு நோக்கி வழி காட்டவே வைக்கோற்போர்களைக் கொளுத்தினார். அதன்பின் செய்ததே பெரிது என்பது நம் கருத்து. ஊரார்க்குக் கூலி கொடுத்து, 5 மீட்டர் உயரமும் 600 மீட்டர் நீளமும் உள்ள கரையொன்றை நான்கு ஆண்டில் எழுப்புவித்தார். 1946-இல் மீண்டும் அலை வந்தபோது அக்கரை ஊரின் பெரும்பகுதியைக் காத்தது. இக்கரையைப் பற்றி ஹேர்ன் கதையில் ஒன்றுமில்லை. கதைக்குத் தீ போதும், ஊருக்குச் சுவர் வேண்டும். பழைய நாட்காட்டியில் அலை வந்த நாளாகிய நவம்பர் 5-ஐ 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்தது.

அவ்வூர்ப் பக்கத்து ஆசிரியரொருவர், நக்காய் ட்ஸுனேஸோ என்பார், பயிற்சிப் பள்ளியில் பயின்றபோது இக்கதையை ஆங்கிலத்திலேயே படித்தார். பின்னர் அதனை எளிய ஜப்பானியத்தில் சிறுவர்க்கென எழுதி அரசாங்கத்தார்க்கு அனுப்பினார். 1937 முதல் 1947 வரை ஜப்பான் முழுதும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதனைப் பாடமாகப் படித்தனர்.

மரக்காணத்துக்கு அடுத்த ஞாயிறு சென்றபோது, ஹேர்ன் செய்தவாறே நாமும் நிலாவைப் பற்றி நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதிவரச் சொன்னோம். பெரும்பாலோர் நிலா வட்டமானது, வெண்மையானது, அழகானது என்றே எழுதியிருந்தனர். ஒரு சிறுமி மட்டும், நிலாக் காலத்தில் தன் தந்தை உப்பளத்துக்குப் போகையில் கைவிளக்கு எடுத்துச் செல்வதில்லை என்று எழுதியிருந்தாள். விளக்கு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்துப் பிழை. அதனைத் திருத்தித் தாளை அவள் கையில் கொடுத்தோம்.